வயிற்றில் துளை, வலி தோளில்

பித்தப்பைக் கல்லுக்காக அத்தைக்கு லேப்ராஸ்கோப்பி முடிந்த மறுநாள் காலை. வயிற்றில் நான்கு சின்ன பிளாஸ்திரிகள். அவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். எழுந்து உட்கார்ந்தால் குத்துகிறது, படுத்தால் குறைகிறது என்றார். "அது கேஸ் வலிம்மா, இரண்டு நாளில் போய்விடும்" என்றார் நர்ஸ். அத்தைக்கு கேஸ் என்றால் உருளைக்கிழங்கும் வாழைக்காயும்தான். "நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கேஸ் எங்கிருந்து வரும்?" என்று என்னைப் பார்த்தார்.

நர்ஸ் சொன்னது சரிதான். ஆனால் அதைப் புரியவைக்க வேண்டுமென்றால் வயிற்றுக்குள் இல்லாத ஓர் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பாடப்புத்தகங்களில் 'வயிற்றறை' என்று போட்டிருப்பார்கள். படத்தைப் பார்த்தால் பானைக்குள் உறுப்புகளைத் தொங்கவிட்டதுபோல இருக்கும். உண்மையில் உள்ளே விரல் நுழையக்கூட வெற்றிடம் கிடையாது. வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் பெரிடோனியம் என்ற மெல்லிய வழுக்குச் சவ்வு ஒட்டியிருக்கிறது. அதே சவ்வுதான் மடிந்து வந்து குடல், கல்லீரல், இரைப்பை எல்லாவற்றையும் போர்த்துகிறது. சுவரைப் போர்த்திய படலமும் உறுப்பைப் போர்த்திய படலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. நடுவில் வழுக்குவதற்கு மட்டும் கொஞ்சம் திரவம். மளிகைக் கடையில் புது பாலித்தீன் பையை எடுத்து, எது வாய், எது அடி என்று தெரியாமல் விரலில் எச்சில் தொட்டுத் தேய்ப்போமே, அந்தப் பைதான் இது. உள்ளே இடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, திறக்கும்வரை இல்லை.

அறுவை மருத்துவர் அந்தப் பையைத்தான் ஊதித் திறக்கிறார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசியை இறக்கி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றுகிறார். வயிற்றுச் சுவர் கூடாரம்போல எழும்புகிறது. கேமராவும் கத்தியும் நடமாட ஓர் அறை கிடைக்கிறது. சாதாரணக் காற்றை ஏற்றாததற்குக் காரணம் உண்டு. உள்ளே மின்சாரத்தால் சுட்டு இரத்தக்குழாய்களை அடைப்பார்கள். கார்பன் டை ஆக்ஸைடு எரியாது. இரத்தத்தில் சீக்கிரம் கரைந்தும் போய்விடும்.

முடிந்ததும் வாயுவை வெளியேற்றிவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் தங்கிவிடும். உட்கார்ந்தால் அது மேலே ஏறி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் போய் நின்று உறுத்துகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து, மூன்று, நான்கு, ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது. தோள் பகுதித் தோலின் உணர்வும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. மூளை முகவரியைக் குழப்பிக்கொள்கிறது. உதரவிதானத்துக்கு ஏன் கழுத்திலிருந்து நரம்பு? நான்கு வாரக் கருவில் அது உருவாகத் தொடங்குவதே கழுத்துக்குப் பக்கத்தில்தான். பிறகு கீழே இறங்கியபோது நரம்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊர் மாறியும் ரேஷன் கார்டில் பழைய விலாசமே இருப்பதுபோல. இந்தக் குழப்பம் சில நேரம் உயிரையும் காக்கும்: விபத்தில் அடிபட்டவர் காயமில்லாத இடது தோள் வலிக்கிறது என்றால், மண்ணீரல் கிழிந்து இரத்தம் உதரவிதானத்தைத் தொட்டுவிட்டதோ என்று மருத்துவர் சந்தேகிப்பார்.

வாயு மேலே போகிறது. இரத்தமும் சீழும் எங்கே போகும்? மல்லாந்து படுத்தால் முதுகெலும்பு நடுவில் மேடாகி, இரண்டு பள்ளங்கள் உண்டாகின்றன. மேல் வயிற்றில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே ஒன்று. அதற்கு மாரிசன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயர். இடுப்புக்குழியில் இன்னொன்று, பெண்களுக்குக் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் இருப்பது. 1730இல் பெரிடோனியத்தை விவரித்து நூல் எழுதிய ஜேம்ஸ் டக்ளஸின் பெயர் அதற்கு. அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் ஸ்கேன் கருவியை வலது விலாவில் வைப்பது மாரிசன் பள்ளத்தைப் பார்க்கத்தான். நலமாக இருப்பவருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டிக்கொண்டு தெரியும். நடுவில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தால் அது பெரும்பாலும் இரத்தம்.

பள்ளத்தை நோக்கி ஓடுவது மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாறுவோம். ஒவ்வொரு மூச்சிலும் உதரவிதானம் ஏறி இறங்கும்போது அதன் அடியில் அழுத்தம் குறைந்து, கீழே உள்ள திரவத்தை மேலே இழுக்கிறது. பெருங்குடலின் வலது ஓரமாக அதற்கு ஒரு வாய்க்கால்கூட இருக்கிறது. அடிவயிற்றில் குடல்வால் வெடித்தவருக்குக் கல்லீரலின் மேல் சீழ் கட்டுவது இப்படித்தான். உதரவிதானத்தின் அடிப்பரப்பில் நிணநீர்த் துளைகள் வேறு. அங்கே போன கிருமி விரைவில் உடலெங்கும் பரவும். ஆன்டிபயாட்டிக் இல்லாத 1900இல், ஜார்ஜ் ஃபௌலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார்: நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், சீழ் இடுப்புக்குழிக்கு இறங்கட்டும், அங்கிருந்து வடிப்பது எளிது. நம் ஊர் மருத்துவமனைகளில் கைப்பிடியைச் சுழற்றி முதுகை உயர்த்தும் கட்டிலை இன்றும் ஃபௌலர் கட்டில் என்றே வாடகைக்கு விடுகிறார்கள். அத்தை சாய்ந்திருந்ததும் அதில்தான். தோள் வலிக்கு அது எதிரி என்பது வேறு விஷயம்.

இந்தப் பை தாராளமானது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இதற்குள் இரண்டு லிட்டர் திரவத்தை விட்டுச் சில மணி நேரம் கழித்து வடித்தால், சவ்வே வடிகட்டியாகிக் கழிவை இழுத்துத் தருகிறது. கல்லீரல் கெட்டு மகோதரம் வந்தால் பத்து லிட்டர்கூடச் சேரும்.

மார்பில் இந்தத் தாராளம் இல்லை. அங்கேயும் அதே வடிவமைப்புதான்: நுரையீரலைப் போர்த்தி ஒரு சவ்வு, விலாச் சுவரில் ஒரு சவ்வு, நடுவில் சில ஸ்பூன் திரவம். இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஈரத்தோடு அடுக்கிவைத்தால் நகர்த்தலாம், பிரிப்பது பெரும்பாடு. நுரையீரலுக்குச் சொந்தமாகத் தன்னை விரிக்கும் தசை கிடையாது; ரப்பர்போலச் சுருங்கவே பார்க்கும். விலாக்கூடு வெளிப்பக்கம் இழுக்கும். இந்த இழுபறியில் நடு இடத்தின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் அளவு குறைவாக நிற்கிறது. அதற்குள் காற்று புகுந்தால் பிடி விட்டுப்போய், நுரையீரல் சுருங்கிவிடும்.

அப்படியானால் இந்த இடைவெளி இல்லாமலே இருந்திருக்கலாமே? யானைக்கு இல்லை. அதன் நுரையீரல் மார்புச் சுவரோடு இணைப்புத் திசுவால் ஒட்டியே இருக்கிறது. தும்பிக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு யானை நீந்தும்போது உடல் ஆழத்தில் நீரின் அழுத்தத்தில் இருக்கும், நுரையீரலுக்குள் வெளிக்காற்றின் அழுத்தம். அந்த வித்தியாசத்தில் மென்சவ்வின் இரத்தக்குழாய்கள் வெடித்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்பது உடலியங்கியல் அறிஞர் ஜான் வெஸ்ட் 2001இல் தந்த விளக்கம். மனிதர்களிலும் அடிக்கடி அங்கே காற்றோ நீரோ சேருபவர்களுக்கு டால்க் பவுடரைத் தூவி இரண்டு சவ்வுகளையும் ஒட்டிவிடுகிறார்கள். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் அத்தையின் தோள் வலி போய்விட்டது. வயிற்றில் ஏற்றிய வாயு இரத்தத்தில் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிட்டது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தின இரவு யாருக்கும் தெரியாமல் தேய்த்துக்கொண்ட கோடாலித் தைலத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.