புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: அந்த ஆயிரம் ரூபாய் வரணும்னா முதல்ல ஒரு சீனியரைப் பிடிங்க

அரசுப் பள்ளியில படிச்சிட்டு காலேஜ் சேர்ற பிள்ளைங்களுக்கு தமிழ்நாடு அரசு மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்குது. பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், 2022 செப்டம்பர்ல வந்துச்சு. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல. முதல் டிகிரியோ டிப்ளமாவோ ஐடிஐயோ முடியுற வரைக்கும் வரும். வருமான வரம்பு இல்ல, சாதிக் கணக்கு இல்ல, அக்கா வாங்குறான்னு தங்கச்சிக்கு நிறுத்த மாட்டாங்க, வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் இது தனி. திட்டம் அவ்ளோதான். இதை வாங்குறதுக்குள்ள பிள்ளைங்க படுற பாடுதான் பெருசு.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, அவங்க வீட்ல காலேஜ் போன முதல் ஆளு. எட்டு மாசம் காசு வரல. காலேஜ்ல கேட்டா "அப்ரூவ் ஆயிடுச்சும்மா, பேங்க்ல கேளு"ங்கறாங்க, பேங்க்ல கேட்டா "ஆதார் லிங்க் ஆயிருக்கே, காலேஜ்ல கேளு"ங்கறாங்க, ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, ஒரு நாள் கிளாஸ் போச்சு, அவங்க அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில ஹாஸ்டல்ல ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு அக்கா, இவளோட போனை வாங்கி பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சா. ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல்ல தொறந்த பழைய அக்கவுண்ட்லதான் ஆதார் உக்காந்திருக்கு, அது மூடிக் கெடக்கு. அந்த அக்காவுக்கும் போன வருஷம் இதேதான் நடந்திருக்கு.

பேங்க்ல "லிங்க்"னு சொல்றது வேற, அரசுப் பணம் எந்த அக்கவுண்ட்ல வந்து விழணும்னு ஆதாரோட பதியுற "சீடிங்" வேற. கவுண்டர்ல இதைப் பிரிச்சு சொல்ல யாருக்கும் நேரம் இல்ல. ஆதார் வெப்சைட்ல பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கும், எந்த பேங்க்னு அங்கேயே காட்டும். ஆனா ஓடிபி ஆதார்ல இருக்கிற நம்பருக்குத்தான் வரும், அது அப்பா எப்பவோ தூக்கிப்போட்ட சிம்மா இருந்தா முதல்ல அதை மாத்துங்க, அட்மிஷனுக்கு முன்னாடியே மாத்துங்க.

அடுத்து தகுதி. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். "ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ அரசுப் பள்ளிதானே"ன்னு நம்பி ஏமாந்தவங்க நிறைய பேர். கல்வி உரிமைச் சட்டத்துல கிடைக்கிற ஆர்டிஇ சீட்ல 8 வரைக்கும் பிரைவேட்ல படிச்சு 9ல அரசுப் பள்ளிக்கு வந்திருந்தா உண்டு. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் பள்ளி எல்லாம் கணக்குல வரும். அரசுப் பள்ளியில இங்கிலீஷ் மீடியம் படிச்சாலும் உண்டு, அரசு உதவி பெறும் பள்ளின்னா மட்டும்தான் தமிழ் மீடியமா இருக்கணும். இதைக் கொழப்பிட்டு "நீ இங்கிலீஷ் மீடியம், உனக்குக் கிடையாது"ன்னு திருப்பி அனுப்பினா நம்பி வந்துடாதீங்க. தொலைதூரக் கல்விக்கு இல்ல, பிஜிக்கு இல்ல.

நீங்க எங்க படிச்சீங்கன்னு அவங்க பாக்குறது எமிஸ் நம்பரை வச்சு, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஆன்லைன் பதிவுல உங்களுக்குன்னு இருக்கிற நம்பர். அதுல ஒரு வருஷம் தப்பா ஏறியிருந்தா காலேஜ்ல ஒண்ணும் பண்ண முடியாது, பழைய ஸ்கூலுக்குத்தான் போகணும். ஹெச்எம் மாறியிருப்பாங்க, இன்னிக்கு வா நாளைக்கு வான்னு இழுப்பாங்க. அதனால டிசி வாங்குற அன்னிக்கே எமிஸ்ல பேரு, பிறந்த தேதி, படிச்ச வருஷம் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டுப் பாத்துட்டு வாங்க, பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்.

அப்ளிகேஷன் காலேஜ் மூலமா யூமிஸ்ங்கற காலேஜ் பிள்ளைங்களுக்கான அரசு வெப்சைட்ல போகும், நீங்க இ-சேவைக்கு ஓட வேண்டாம், புரோக்கருக்கு ஒரு ரூபா குடுக்க வேண்டாம். ஒவ்வொரு காலேஜ்லயும் இதுக்குன்னு ஒரு நோடல் ஆபீசர் உண்டு, பல இடத்துல அது யாருன்னு ஆபீஸ்லயே தெரியாது. சீனியருக்குத் தெரியும். அதான் சொல்றேன், காலேஜ் பேரு கிடைச்சதும் அங்க ஏற்கனவே இந்தக் காசு வாங்குற ஒரு அக்காவையோ அண்ணனையோ தேடுங்க. நோடல் ஆபீசர் யாரு, எத்தனை மணிக்கு இருப்பாங்க, எந்த பேங்க்ல தொல்லை கம்மி, இந்த மூணையும் கேளுங்க. யாருமே கிடைக்கலன்னா 14417க்கு போன் பண்ணுங்க. சீட்டே இன்னும் கிடைக்கலயா, நான் முதல்வன் திட்டத்துல "உயர்வுக்குப் படி"ன்னு மாவட்டத்துல முகாம் போடுவாங்க, அதுக்குப் போங்க.

இப்ப வாங்கிட்டு இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணு. ரிசல்ட் வந்த வாரம் ஒரு அரை நாள் உங்க பழைய ஸ்கூலுக்குப் போய் உக்காருங்க. டிசி வாங்க வர்ற பிள்ளைங்களோட போனை வாங்கி அந்த சீடிங் ஸ்டேட்டஸ் மட்டும் பாத்துக் குடுங்க.