கறுப்பர்: ஒரு சொல் டர்பனில் பட்ட பாடு

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கும் என் தமிழ் வகுப்புக்கு ஒரு பையன் வேலைப் படிவத்தோடு வந்தான். ‘இந்தியர்’ கட்டத்தில் டிக் அடித்திருந்தான். “ஆனா சட்டப்படி நான் பிளாக்காமே டீச்சர், அதுக்குத் தமிழ்ல என்ன?” கறுப்பர் என்றேன். சிரித்துவிட்டான்.

அவன் கேள்விப்பட்டது சரிதான். 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூவருக்கும் பொதுப்பெயராக ‘பிளாக்’ என்பதை வைத்திருக்கிறது. 2008-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இந்நாட்டுச் சீனர்களையும் அதில் சேர்த்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ ‘கறுப்பு ஆப்பிரிக்கர்’ வேறு, இந்தியர் வேறு.

நிறவெறி ஆட்சியில் நம் தாத்தாமார் ‘வெள்ளையர் அல்லாதோர்’. பெஞ்சிலும் கழிப்பறை வாசலிலும் அப்படித்தான் போர்டு. அடுத்தவன் பெயரோடு ‘அல்லாதோர்’ என்று ஒட்டவைத்தால் அது ஒரு பெயரா? தமிழ்நாட்டில் ‘பிராமணர் அல்லாதார்’ என்று தொடங்கியவர்கள் பிறகு ‘திராவிடர்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்ட கதையும் இதுதான். இங்கே அதைச் செய்தவர்கள் மாணவர்கள். டர்பனில் மருத்துவம் படித்த மாணவர் தலைவர் ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் 1970-களின் தொடக்கத்தில் அந்த ‘அல்லாதோரை’த் தூக்கிப் போட்டுவிட்டு ‘பிளாக்’ என்றார்கள். தோல் நிறம் கணக்கில்லை. ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து நிற்பவர் எல்லாரும் கறுப்பர். அந்தக் கூட்டத்தில் இந்திய வம்சாவளியினரான சாத்ஸ் கூப்பரும் ஸ்டிரினி மூட்லியும் இருந்தார்கள் (மூட்லி வேறொன்றுமில்லை, நம் முதலிதான்). இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள்.

அப்புறம் வேடிக்கை. எதிரிகள் ஆக்கிய சொல்லை அரசே எடுத்துக்கொண்டது. 1970-களின் இறுதியில் சட்டங்களில், ஆப்பிரிக்கரைக் குறிக்க அதுவரை அரசு எழுதிவந்த ‘பாண்டு’ (Bantu) இருந்த இடத்தில் ‘பிளாக்’ வந்தது. ஆனால் ஆப்பிரிக்கருக்கு மட்டும். இன்றைய பேச்சு வழக்கிலும் அந்தக் குறுகிய பொருள்தான் நிற்கிறது. “அப்போ போதிய வெள்ளை இல்லை, இப்போ போதிய கறுப்பு இல்லை” என்று இங்கே நம்மவர்கள் புலம்புவது அதனால்தான்.

தமிழில் எதைச் சொல்வது? பத்திரிகைகள் எழுதும் ‘கறுப்பினத்தவர்’ இந்த இடத்துக்கு ஆகாது. ‘இனம்’ என்று சேர்த்தவுடன், மாணவர்கள் எதை உதறினார்களோ அதுவே திரும்பி வந்துவிடுகிறது. மக்களைக் குறிக்க ஆப்பிரிக்கர் போதும். அரசியல் பொருளுக்குக் கறுப்பர். அதற்கு நம்மிடமே பழைய ஆதாரம் இருக்கிறது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். வெகுளி என்றால் கோபம். இந்த இரண்டும் நிறத்துக்கும் உரியவை என்பதை அது அடுத்தபடியாகத்தான் சொல்கிறது. கோபத்தில் பிறந்த ஒரு பெயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பையன் நோட்டில் ‘கருப்பர்’ என்று எழுதியிருந்தான். வல்லின ‘று’ போடச் சொன்னேன்.