29 டிகிரியில் படம் கழுவுவது

நான் வீட்டில் கழுவிய முதல் பெரிய ஃபிலிம் கரிக்கட்டை போல வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரம் இருட்டுக்குள் இன்னோர் இருட்டாக நின்றது. கேமராவில் தப்பில்லை, லென்ஸிலும் தப்பில்லை. அட்டவணையில் போட்டிருந்தபடி, படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரில் சரியாக 11 நிமிடம் வைத்திருந்தேன். அந்த 11 நிமிடத்துக்குப் பக்கத்தில் 20 டிகிரி செல்சியஸ் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்தேன், பொருட்படுத்தவில்லை. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குழாயில் அன்று வந்த தண்ணீர் 29 டிகிரி.

வெறும் ஒன்பது டிகிரிக்கு இவ்வளவா என்று தோன்றும். அதற்கு முதலில் ஃபிலிமுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் கோடிக்கணக்கான வெள்ளி புரோமைடு படிகங்கள். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. (எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஃபிலிம் பெட்டி தோசை மாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.) ஒரு காலத்தில் ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் வேகமாகவும் இன்னொன்றில் செய்தது மந்தமாகவும் இருந்தது. 1920களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் அதன் காரணத்தைப் பிடித்தார். மாடு மேய்ந்த கடுகு இனச் செடிகளிலிருந்து வரும் துளியூண்டு கந்தகச் சேர்மம்தான் ஃபிலிமுக்கு வேகத்தைத் தருகிறது. கந்தகம் படிகத்தின் மேல் நுண்ணிய வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்குகிறது. அந்தப் புள்ளிகள் கொஞ்ச நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

பெரிய ஃபிலிம் என்றால் சுருள் அல்ல, தனித்தனித் தாள். நான் பயன்படுத்துவது 4க்கு 5 அங்குலம். சாதாரண 35 மில்லிமீட்டர் படத்தைவிடப் பரப்பு 13 மடங்குக்கும் மேல். கேமராவோ முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி, அவ்வளவுதான். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்தால் கண்ணாடியில் கோபுரம் தலைகீழாகத் தொங்கும். பினாங்கு வெயிலில் துணிக்குள் இரண்டு நிமிடம் இருந்தால் மூச்சுக்காற்றே கண்ணாடியைப் பனிமூட்டமாக்கிவிடும். தெருவில் போகும் பெரியவர்கள் நின்று, "என்ன தம்பி, நிலம் அளக்கிறீங்களா?" என்பார்கள்.

இந்தச் சிரமத்துக்குப் பலன் துருத்தியில் இருக்கிறது. சாதாரண கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரத்தின் பக்கங்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். இதில் கேமராவைச் சாய்க்க வேண்டாம். ஃபிலிம் கட்டடத்துக்கு இணையாக நிற்க, லென்ஸை மட்டும் சில சென்டிமீட்டர் மேலே தூக்கினால் போதும், உச்சிக் கலசம் படத்துக்குள் இறங்கி வந்துவிடும். 1833இல் எழுந்த கோயில், எதிர்ப்பக்கம் குறுகலான தெரு. பின்னால் நகர இடமில்லாத அந்த ஊரில் இது பெரிய உதவி.

சரி, ஷட்டர் திறக்கிறது. ஒளித்துகள் ஒன்று படிகத்தில் மோதி, புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானை உதிர்க்கிறது. அது படிகத்துக்குள் அலைந்து, மாடு தந்த அந்தக் கந்தகப் புள்ளியில் சிக்குகிறது. அங்கே அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று வந்து சேர, ஓர் அணு வெள்ளி உருவாகிறது. இதை 1938இல் கர்னி, மோட் என்ற இருவர் விளக்கினார்கள். இப்படி ஏறக்குறைய நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்தப் படிகம் ‘வெளிச்சம் பட்டது’ என்று கணக்கு. ஒரு படிகத்தில் இருக்கும் வெள்ளி அயனிகள் பல நூறு கோடி. அதில் நான்கு அணு என்பது எந்த நுண்ணோக்கியிலும் படமாகத் தெரியாது. ஆனாலும் படம் அங்கே இருக்கிறது, மறைந்த படமாக.

தனியாக நிற்கும் ஒற்றை அணு மட்டும் நிலைப்பதில்லை. துணைக்கு இரண்டாவது சீக்கிரம் வராவிட்டால் அது உடைந்து, பழையபடி அயனியாகிவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் எடுக்கும்போது ஃபிலிம் சோம்பேறியாவது இதனால்தான். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு, ஒளிமானி காட்டும் விநாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறார்கள். 8 விநாடி என்று மானி சொன்னால் 14 விநாடி திறந்து வைக்க வேண்டும். கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில், உள்நிழலில், இது அன்றாடக் கணக்கு. அந்த 14 விநாடியில் நடந்துபோனவர் எவரும் படத்தில் இல்லை. உட்கார்ந்து பூக்கட்டிய அக்கா இருக்கிறார். அவருடைய விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் புகை.

வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் குளியலறைதான் இருட்டறை. கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கும்மிருட்டில் தாளைத் தடவி எடுப்பேன். ஓரத்தில் சிறு வெட்டுகள் இருக்கும். தாளை நெடுவாக்கில் பிடித்து, அவை வலக்கைப் பக்கம் மேல்மூலையில் இருந்தால், ஜெலட்டின் பக்கம் நம்மைப் பார்க்கிறது. இருட்டில் கைக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் அதுதான். நான்கு தாள் கொள்ளும் தட்டையான டாங்கில் அடுக்கி மூடியதும் விளக்கைப் போடலாம்.

இனி டெவலப்பர். 1927லிருந்து புழக்கத்தில் இருக்கும் டி-76 என்ற டெவலப்பரின் சமையல் குறிப்பு ஒளிவுமறைவற்றது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், வெண்காரம் 2 கிராம். மெட்டால் படிகத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கொடுத்துக் களைத்த மெட்டாலை ஹைட்ரோகுவினோன் தேற்றி மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. காற்றில் கெடாமல் காப்பது சல்ஃபைட். வெண்காரம் கரைசலைச் சற்றே காரமாக்குகிறது. எலக்ட்ரான் உள்ளே நுழையும் வாசல்தான் அந்த நான்கு அணு. அந்த வாசல் வழியாகப் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிவிடுகிறது. நான்கு அணுவில் இருந்து பல நூறு கோடி அணு!

எனக்குப் புரிய நாளான விஷயம் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் பட்ட படிகம் எது, படாதது எது என்று டெவலப்பருக்குத் தெரியாது. வாசல் உள்ள படிகம் சீக்கிரம் கருக்கும், வாசல் இல்லாதது தாமதமாகக் கருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். போதுமான நேரம் விட்டால் எல்லாமே கருத்துவிடும். படம் என்பது பாதியில் நிறுத்திய ஓட்டப்பந்தயம். அடுப்பில் பால் மாதிரி, எப்போது இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம். சூடு கூடினால் எல்லா ஓட்டக்காரர்களும் வேகமெடுக்கிறார்கள். டிகிரிக்கு பத்து சதவீதம் நேரத்தைக் குறை என்பது நடைமுறைக் கணக்கு. 20 டிகிரியில் 11 நிமிடம் என்றால், 29 டிகிரியில் நாலேகால் நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நான் இரண்டரை மடங்கு நேரம் விட்டிருந்தேன்.

அப்படியானால் நாலேகால் நிமிடம் வைத்து எடுத்துவிடலாமே? கூடாது. கரைசல் ஊற்றவும் வடிக்கவுமே அரை நிமிடம் போகும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பெரிய தாளில் வானம் திட்டுத்திட்டாக வரும்.

ஜெலட்டினும் ஒரு கவலை. நம் ஊர் அகார்-அகாரை மேசையில் வைத்தால் நாள் முழுக்க அப்படியே இருக்கும், அது உருக 85 டிகிரி வேண்டும். ஜெலட்டின் அப்படியல்ல, 30 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும், அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. இக்கால ஃபிலிமில் அதைத் தொழிற்சாலையிலேயே இறுக்கித் தருகிறார்கள், கழன்று ஓடாது. ஆனாலும் ஈரத்தில் ஊதி, நகம் பட்டால் கீறும். முன்பு வெப்ப நாடுகளுக்கென்றே டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் சேர்த்து அந்த ஊதலைக் கட்டுப்படுத்தினார்கள்.

அதற்கும் முன்னால் வந்தவர்களின் பாடு வேறு. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் பினாங்கில் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். கொலோடியனில் உள்ள ஈதரும் ஆல்கஹாலும் இந்த வெயிலில் எத்தனை நிமிடம் தாங்கும்? உதவிக்கு மெட்ராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் பெயர் அதில் இல்லை. குளியலறையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

தண்ணீரைக் குளிர்விக்க மதுரைப் பெரியப்பா போனில் வழி சொன்னார்: "மண்பானையில ஊத்தி வைடா." மதுரைக்கு அது சரி. பானை குளிர்வது நீர் ஆவியாவதால், ஆவியாகக் காற்றில் இடம் வேண்டும். இங்கே காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்து கிடக்கிறது. தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றி விசிறியடியில் வைத்துப் பார்த்தேன், 26 டிகிரியோடு நின்றுவிட்டது. பானை எவ்வளவு நல்ல பானையானாலும் அதற்குக் கீழே போகாது.

ஆகவே பனிக்கட்டி. மீன் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரைப்பெட்டியில் ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீர். அதை 29இலிருந்து 24க்குக் கொண்டுவர ஏறக்குறைய கால் கிலோ பனிக்கட்டி போதும், ஏனென்றால் ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போதே 334 ஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து பயன்படுத்துவதால், அந்தத் தண்ணீரை ஃப்ரிட்ஜ் தண்ணீர் சேர்த்து 19 டிகிரிக்கு எடுத்துக்கொள்கிறேன். 29இல் இருக்கும் மூலக்கரைசலோடு சம அளவில் சேர்ந்தால் சரியாக 24. டாங்கைப் பெட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஏழேகால் நிமிடம். 20 வரை இறக்க நான் மெனக்கெடுவதில்லை. அறைக்கும் கரைசலுக்கும் இடைவெளி பெரிதாக ஆக, கரைசல் வேகமாகச் சூடேறும். 24ஐப் பிடித்து வைப்பது எளிது, பின்னால் குழாய்த் தண்ணீரில் அலசும்போது தாவலும் சிறியது.

மீதி சுருக்கம். நீர்த்த அசிட்டிக் அமிலம் ஊற்றினால் பந்தயம் நிற்கும். ஃபிக்சரில் உள்ள தயோசல்ஃபேட், கருக்காத படிகங்களைக் கரைத்து வெளியேற்றும். வெள்ளி உப்புகளை அது கரைப்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார், புகைப்படத்துக்கு அது தேவைப்பட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. பழைய ஃபிக்சரில் வெள்ளி இருக்கிறது, அதைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்து வைக்கிறேன். அலசுவதற்கு டாங்கில் புதுத் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து எடுத்து, வடித்து, பிறகு 10 முறை, பிறகு 20 முறை. இங்கே சூடு நமக்குச் சாதகம், வெதுவெதுப்பில் உப்பு சீக்கிரம் வெளியேறும்.

பிறகு துணிக் கவ்வியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். இந்த ஈரக்காற்றில் காய விடியும். இரண்டாம் முறை கோபுரம் நன்றாக வந்தது, ஒவ்வொரு பொம்மையின் முகமும் எண்ணலாம். வானத்தில் மட்டும் ஒரு பறவை. நான் எடுத்தபோது பறவை எதுவும் இல்லையே என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரவில் இளகிய ஜெலட்டினில் வந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்ட ஒரு பழ ஈ.