போன் நுழையக் கூடாத இடத்தில்தான் எங்கள் வேலை

திருகோணமலையில் சீனன்குடாப் பக்கம் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை செய்கிறவர்களின் கையில் லொக் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது போனோ டேப்லெட்டோ இருக்கிறது. நல்ல மாற்றம். பம்புக்குப் பக்கத்தில் நின்றபடியே அளவைப் பதிந்து, படம் எடுத்து, மேலே அனுப்பிவிடலாம். ஆனால் இவற்றை வாங்கித் தருகிறவர்கள் ஏசி அறையில் வைத்துச் சோதித்துவிட்டுத் தருகிறார்கள். எங்கள் வேலை நடப்பதோ சிக்னல் எட்டாத இடத்தில், சில வேளை சாதாரண போன் நுழையவே கூடாத இடத்தில். அந்த இடத்தை முன்னால் வைத்து யோசித்துத்தான் கருவியை வாங்க வேண்டும்.

முதலில் உயிரோடு சம்பந்தப்பட்டதைச் சொல்கிறேன். திருகோணமலையில் எரிபொருள் சேமிக்கும் பெரிய தாங்கிகளான குதங்களும் உண்டு, மா ஆலையும் உண்டு. பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோதுமை மாத்தூசி காற்றில் அடர்ந்து பறக்கும்போது அதுவும் வெடிக்கும் என்றால் வேலையில் இருக்கிறவர்களே நம்பத் தயங்குகிறார்கள். இப்படியான இடங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து வலயங்களாகப் பிரிப்பார்கள்: ஆவிக்கும் வாயுவுக்கும் 0, 1, 2, தூசிக்கு 20, 21, 22. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே குதத்தின் உச்சியில் மட்டுமல்ல, வால்வுக் குழியிலும் வடிகாலிலும் தேங்கி நிற்கும்.

"போன் அலையாலயா சேர் நெருப்புப் பிடிக்கும்?" என்று புதிதாகச் சேரும் தம்பிமார் கேட்பார்கள். சாதாரண போனின் அலைக்கு அவ்வளவு வலு இல்லை. பயப்பட வேண்டியது பற்றரிக்கு. ஏணியிலிருந்து கை தவறி விழுந்து பற்றரி நசுங்கினால், உள்ளே ஷோர்ட் ஆகிச் சூடும் பொறியும் வரும். இந்த வலயங்களுக்கென்றே செய்த போன்களில், உள்ளே பழுது வந்தாலும் தீமூட்டும் அளவுக்குச் சக்தி வெளியே வராதபடி கட்டுப்படுத்தியிருப்பார்கள். அறுகோணத்துக்குள் இருக்கும் 'ஈஎக்ஸ்' குறியைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். எந்த வலயம், வாயுவுக்கா தூசிக்கா என்பதையும் வாசியுங்கள். வாயுவுக்குச் சான்று பெற்ற போனைத் தூசிக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணாடி விரிசல் விட்ட போனையும், கடையில் பற்றரி மாற்றிய போனையும் உள்ளே விடக் கூடாது. அதற்குப் பிறகு அந்தச் சான்றுக்குப் பெறுமதி இல்லை.

அடுத்தது பதிவு. இரும்புக் கட்டடத்துக்குள்ளும் கொன்கிரீட் நிலவறையிலும் சிக்னல் விழுந்துவிடும். சிக்னல் இல்லாமலும் சேமித்து வைக்கும் அப் வேண்டும் என்று எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். எந்த நேரத்தை அது பதிகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்த ஒரு அறிக்கையில் ஒரு நாளின் அத்தனை அளவுகளுக்கும் ஒரே நேரம்தான் இருந்தது. வேலை முடிந்து கேற்றடிக்கு வந்து சிக்னல் கிடைத்த நேரம் அது. மோட்டர் எப்போது சூடேறத் தொடங்கியது என்று அதை வைத்து எவராலும் சொல்ல முடியாது. ஆள் பக்கத்தில் வந்து பார்த்தார் என்பதைக் காட்ட இயந்திரத்தில் ஒட்டும் கியூஆர் குறியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் சாப்பாட்டு அறையிலிருந்தே ஸ்கேன் செய்துவிடலாம். அதற்குப் பதிலாக என்எஃப்சி எனும் சின்னச் சிப் உள்ள வில்லை என்றால் போனை அதன் கிட்டவே கொண்டுபோக வேண்டும். இரும்பில் ஒட்டுவதற்கென்றே செய்த வில்லையாகக் கேட்டு வாங்குங்கள், மற்றது இரும்பில் ஒட்டினால் வேலை செய்யாது.

போனில் செருகும் வெப்பக் கமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினுங்கும் ஸ்டெயின்லெஸ் குழாயை அதனால் பார்த்தால் குளிர்ந்திருப்பது போலக் காட்டும். குழாய் உண்மையில் கையைச் சுடும். மினுங்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடுகிறது. கமராவுக்குப் போவது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒட்டி, அது சூடேறும்வரை சற்றுப் பொறுத்து, ரேப்பின் மேல் அளந்தால் சரியான அளவுக்குக் கிட்ட வரும். மின் இணைப்புகளில் இதைச் செய்வதானால் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ரேப் ஒட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று உண்டு, உப்பு. தூசியும் தண்ணீரும் புகாது என்று காட்டும் ஐபி68 குறி போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜில் போட வேண்டும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் குதத்தின் கூரையில் வெயிலில் போனை வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

கடைசியாக, குதத்துக்குள் ஆள் இறங்கும் வேலை. உள்ளே இருப்பவரின் இடுப்பிலுள்ள வாயு மானி, ஒட்சிசன் அளவைப் புளூடூத் வழியாக வெளியே அனுப்பும். சாதாரணக் காற்றில் அது 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே இறங்கினால் ஆள் உள்ளே இருக்கக் கூடாது. இரும்புச் சுவர் இணைப்பை அறுத்துவிட்டாலும், சில அப்கள் கடைசியாக வந்த இலக்கத்தையே திரையில் காட்டிக்கொண்டிருக்கும். வாசலில் காவல் நிற்பவர் 20.9 என்று பார்த்து நிம்மதியாக நிற்பார். இலக்கத்தோடு அது வந்த நேரத்தையும் அவர் பார்க்க வேண்டும். நேரம் நகரவில்லை என்றால் உடனே கூப்பிட்டு வெளியே வரச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் கயிற்றால் இழுக்க வேண்டும், மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். காவல் நிற்பவர் தானாக உள்ளே இறங்கக் கூடாது.