கொக்குகோ: சொல் விளக்கம்

கொக்குகோ ஒரு ஜப்பானியச் சொல். சீன எழுத்துகள் இரண்டால் எழுதப்படுவது. முதல் எழுத்துக்கு நாடு என்றும் அடுத்ததற்கு மொழி என்றும் பொருள். சேர்த்தால் நாட்டுமொழி. இதே இரண்டு எழுத்துகளைக் கொரியர்கள் 'குகோ' என்றும் சீனர்கள் 'குவோயூ' என்றும் படிப்பார்கள். அகராதிக்கு இது போதும். ஜப்பான் ஆண்ட கொரியாவில் 1910 முதல் 1945 வரை இந்தச் சொல்லை வைத்து நடந்ததைச் சொல்ல இது போதாது. அங்கே பிள்ளைகள் தாய்மொழி படிக்கும் உரிமையை ஒரே நாளில் இழந்துவிடவில்லை. முதலில் அந்த மொழியின் பெயர் போனது. பாடநேரம், பள்ளிக்கூடம், அகராதி எல்லாம் அதற்கு அப்புறம்தான் போயின.

இரண்டெழுத்துச் சொல் என்பதால் ஏதோ பழங்காலத்துச் சொல் போலத் தெரியும். ஆனால் இன்றைய பொருளில் இது ஜப்பானின் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) வளர்ந்தது. அப்போது ஜப்பானிலேயே ஊருக்கு ஊர் பேச்சு வேறு. ஜெர்மனியில் மொழியியல் படித்துத் திரும்பிய உவேதா கசுதொஷி, சீனாவோடு போர் நடந்துகொண்டிருந்த 1894-இல், மொழியையும் நாட்டையும் பற்றி ஓர் உரை ஆற்றினார். மொழிதான் அதைப் பேசும் மக்களின் உள்ளத்தில் ஓடும் குருதி என்பது அவர் வாதம். 1900-இல் தொடக்கப்பள்ளிகளில் வாசிப்பு, எழுத்து, கட்டுரை மூன்றையும் ஒன்றாக்கி கொக்குகோ என்று பாடப்பெயர் வைத்தார்கள். இந்தப் பாடத்தால் முதலில் அடிபட்டது ஒகினாவா. 1879-இல் ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்ட ரியூக்யூ அரசு அது. அங்கே வீட்டு மொழியைப் பள்ளியில் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள். இன்னொரு பிள்ளை அப்படிப் பேசி மாட்டினால்தான் அது இறங்கும். தோழன் எப்போது வாய் தவறுவான் என்று பிள்ளைகளையே காத்திருக்க வைத்த கொடுமை அது.

கொரியர்களும் இதே சொல்லைத் தங்கள் மொழிக்குப் பயன்படுத்தி வந்தார்கள். மொழியறிஞர் ஜு சி-கியொங் 1908-இல் தன் மாணவர்களோடு தொடங்கிய ஆய்வுக் கழகத்தின் பெயரில் 'குகோ' இருந்தது. 1910-இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'குகோ இலக்கணம்'. அந்த ஆண்டு ஆகஸ்டில் கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டது. மறு ஆண்டே அந்த நூல் 'ஜோசன் மொழி இலக்கணம்' என்று பெயர் மாறி வந்தது. கழகமும் பெயரை மாற்றிக்கொண்டது. குகோ என்றால் இனி ஜப்பானியம். கொரிய மொழி வெறும் 'ஜோசன் மொழி'. ஜோசன் என்பது பழைய அரசின் பெயர். ஜப்பானியர் அதையே தங்கள் குடியேற்ற நாட்டின் பெயராக வைத்துக்கொண்டார்கள். என் பார்வையில் பறிப்பு தொடங்கியது இங்கேதான். சொந்த மண்ணிலேயே தாய்மொழி ஒரு வட்டாரச் சரக்காகிவிட்டது.

மற்றதைப் பாட அட்டவணை செய்து முடித்தது. 1911-இன் கல்வி ஆணைப்படி பொதுப்பள்ளியில் வாரத்துக்கு 10 மணி நேரம் ஜப்பானியம். கொரியமும் செவ்வியல் சீனமும் சேர்ந்த பாடத்துக்கு ஐந்தாறு மணி நேரம். ஜப்பானிய ஆட்சியை எதிர்த்துக் கொரியர்கள் நடத்திய 1919 மார்ச் எழுச்சிக்குப் பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தது. 1922 ஆணையில் கொரியம் தனிப் பாடமானது. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியே எட்டவில்லை. அதனால் கொரியச் செய்தித்தாள்கள் கோடை விடுமுறையில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுத்தறிவு வகுப்பு நடத்தின. 1935-இல் அரசு அதை நிறுத்தியது. சீனாவோடு முழுப்போர் மூண்ட பிறகு இருந்த கொஞ்சமும் போயிற்று. 1938 ஆணை கொரியத்தை விருப்பப் பாடமாக்கியது. விருப்பம் என்பது பேச்சுக்குத்தான். பள்ளிகள் பலவும் அதைக் கைவிட்டன. 1940 ஆகஸ்டில் தொங்-அ, ஜோசன் ஆகிய இரண்டு பெரிய கொரிய நாளிதழ்களும் மூடப்பட்டன. அதே ஆண்டு ஆட்களின் பெயரைக்கூட ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். 1941-இல் தொடக்கப்பள்ளியிலிருந்து கொரியப் பாடமே எடுக்கப்பட்டது. வகுப்பிலும் விளையாட்டிலும் எப்போதும் கொக்குகோதான் என்ற இயக்கம் வேறு.

1942-இல் நடந்த ஒரு வழக்கில் இந்தச் சொல்லின் முழுக் கொடுமையும் தெரிகிறது. ஹம்ஹுங் நகரத்து மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பு போலீசார் கையில் சிக்கியது. 'குகோ' பேசியதற்காக ஆசிரியர் திட்டினார் என்று அதில் எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். சட்டப்படி குகோ என்றால் ஜப்பானியம். அதைப் பேசியதற்குத் திட்டிய ஆசிரியர் யார் என்று துருவியவர்கள், அந்தப் பள்ளியில் முன்பு வேலை பார்த்த ஜொங் தே-ஜினிடம் வந்து நின்றார்கள். அவர் அப்போது சியோலில் கொரிய மொழிக் கழகத்தின் அகராதிப் பணியில் இருந்தார். அந்தக் கழகம் ஜு சி-கியொங்கின் மாணவர்கள் வளர்த்தெடுத்தது. அக்டோபரிலிருந்து கழகத்தார் வரிசையாகக் கைதானார்கள். வழக்கில் சிக்கியவர்கள் 33 பேர். அகராதி தொகுப்பது நாட்டு விடுதலைக்கான வேலைதான் என்று முடிவுகட்டி, அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தை அவர்கள் மேல் ஏவினார்கள். இ யுன்-ஜே, ஹான் ஜிங் இருவரும் சிறையிலேயே இறந்தார்கள்.

அகராதியின் கையெழுத்துப் படியைச் சான்றாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். 26,500 தாளுக்கு மேல் இருக்கும். விடுதலைக்குப் பிறகு 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கு ஒன்றில் அது கிடைத்தது. 1947 அக்டோபர் 9, கொரிய எழுத்தைக் கொண்டாடும் ஹங்குல் நாளில் முதல் தொகுதி வந்தது. ஆறாவதும் கடைசியுமான தொகுதி 1957-இல். குகோ என்ற பெயரும் கொரியத்துக்கே திரும்பியது. தென்கொரியப் பள்ளிகளில் இன்றும் பாடத்தின் பெயர் அதுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தேசிய மொழி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நம் நாளிதழ்களில் அந்தச் சொல் ஆட்சிமொழியோடு குழம்பிக் கிடக்கிறது. ஆட்சிமொழி அலுவலகத்துக்கான ஏற்பாடு. இந்திய அரசமைப்பு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறதே தவிர, எந்த மொழிக்கும் தேசிய மொழி என்ற பெயரைத் தரவில்லை. கொக்குகோவோ அலுவலகத்தோடு நிற்காமல் அடுப்படி வரை வந்த ஒன்று. ஆகவே பொதுப்பொருளுக்கு 'நாட்டுமொழி' போதும். தமிழ்ச் சொற்கள் இரண்டும் மூலத்தோடு நேராகப் பொருந்துகின்றன. 1910-45 காலத்துக் கொரியாவைப் பற்றி எழுதும்போது மட்டும் 'கொக்குகோ' என்றே வைத்து, பக்கத்தில் 'ஆள்வோர் மொழியாகிய ஜப்பானியம்' என்று விளக்குவது நல்லது. அங்கே 'நாட்டுமொழி' என்று எழுதினால் ஆக்கிரமித்தவரின் உரிமைகோரலை நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். கொரியத்தைத் 'தாய்மொழி' என்றோ 'கொரியம்' என்றோ எழுதலாம். அந்தக் காலத்து அரசின் குரலில் 'ஜோசன் மொழி' என்று எழுத வேண்டாம்.

தைவானில் இந்தச் சொல் இன்னொரு முறை கைமாறியது. 1895 முதல் ஐம்பது ஆண்டுகள் அங்கே கொக்குகோ என்றால் ஜப்பானியம். 1945-க்குப் பின் சீனத் தேசியவாதக் கட்சியான குவோமின்தாங்கின் ஆட்சியில் அதே எழுத்துகள் குவோயூ ஆகி, சீனப் பொதுமொழியான மாண்டரினைக் குறித்தன. ஹொக்கியன், ஹக்கா என்ற சீன மொழிகளோ பழங்குடி மொழியோ பேசிய பிள்ளைகளுக்கு மறுபடியும் தண்டம், கழுத்தில் அட்டை. ஆட்சி மாறியும் அவர்கள் தாய்மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. 2018 டிசம்பரில் தைவான் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், தீவின் எல்லா இனக்குழுக்களின் மொழிகளும் நாட்டுமொழிகளே என்கிறது. சைகை மொழியும் அதில் சேர்த்தி. 2022 முதல் அங்கே தொடக்கப்பள்ளிக்கு அடுத்த வகுப்புகளிலும் அந்த மண்ணின் மொழிகளில் ஒன்று கட்டாயப் பாடம்.