பரேசியா: சொல் விளக்கம்

பரேசியா பழைய கிரேக்கச் சொல். 'பான்' என்றால் எல்லாம். 'ரேசிஸ்' என்றால் பேச்சு. மனத்தில் உள்ளதை மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுவது என்று பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூரிப்பிடிஸ் எழுதிய நாடகங்களில் இச்சொல் வருகிறது. அவற்றில் ஒன்றில், நாட்டை இழந்து வாழ்வதில் எது பெரிய துன்பம் என்று ஒரு தாய் மகனைக் கேட்கிறாள். பரேசியா இல்லாததுதான் என்கிறான். நினைத்ததைச் சொல்ல முடியாதது அடிமையின் நிலை அல்லவா என்கிறாள் அவள்.

இதைப் பேச்சுரிமை என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏதென்ஸ் மக்கள் சபையில் குடிமகன் எவரும் எழுந்து பேசலாம் என்ற சம உரிமைக்கு 'இசெகோரியா' என்று தனிச் சொல்லே இருந்தது. (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது.) உரிமையைச் சட்டம் தந்துவிடும். பரேசியாவுக்கு அது போதாது. என்ன வருமோ என்று தெரிந்தும் பேசுகிற மனம் வேண்டும்.

பழைய தமிழ் விவிலியம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில், அதிகாரிகள் முன் நின்ற பேதுருவும் யோவானும் 'பேசுகிற தைரியம்' என்று வரும் இடத்தில் மூலச்சொல் பரேசியாதான்.

அரசியலில் இதற்கு நான் எடுக்கும் தமிழ்ச் சொல் 'இடித்துரை', அதாவது தவறை முகத்துக்கு நேரே கண்டித்துச் சொல்வது. இடிப்பாரை இல்லாத மன்னன், கெடுப்பவர் எவரும் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறது 448ஆம் குறள். அங்கே கேட்கிறவன் மன்னன். மக்களாட்சியில் அந்த இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியென்றால் இடித்துரையை நாமும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கி.மு. 341இல் ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் மக்களை இப்படித்தான் இடித்துரைத்தார். அந்நியருக்கும் அடிமைக்கும்கூடப் பரேசியாவை விட்டுக்கொடுக்கிறீர்கள், நாட்டு நடப்பைப் பேசும் இடத்திலிருந்து மட்டும் அதை விரட்டிவிட்டீர்கள் என்று ஏதென்ஸ் மக்களின் முகத்துக்கு நேரே குறை சொன்னார்.

எதிர்க்கட்சியைத் திட்டுவதை இடித்துரை என்று சொல்ல மாட்டேன். அதற்குக் கைதட்டல்தான் கிடைக்கும். தன் கட்சிக் கூட்டத்தில், தன் சங்கத்தில், எல்லோரும் தலையாட்டும்போது எழுந்து "இது தப்பு" என்கிறாரே, அவருக்கே அந்தச் சொல் பொருந்தும். அப்படி ஒருவர் பேசும்போது உட்காரச் சொல்லிக் கத்தாமல் கேட்பதும் குடிமக்களின் கடமை.

அப்புறம், கிரேக்கர்களே பரேசியாவைச் சில இடங்களில் கட்டுப்பாடற்ற பேச்சு என்ற கெட்ட பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் இடித்துரை என்று போடக் கூடாது. 'வாய்க்கு வந்தபடி பேசுதல்' சரியாக இருக்கும்.