எழுத்து வரிசையும் கணக்குதான்

எட்டாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்கள் (அளவு வேறானாலும் ஒரே வடிவமுள்ளவை) நடத்தி முடித்து நோட்டு திருத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சம கோணங்களைக் கண்டுபிடித்திருப்பார்கள், காரணமும் எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் மட்டும் முனைகளின் பெயர்களை அகர வரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். "ரெண்டும் வடிவொத்தவைதானே சார், எப்படி எழுதினா என்ன?" என்பார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். முக்கோணம் கசட-வில் செங்கோணம் ச-வில் இருக்கிறது. கச 3 செ.மீ., சட 4 செ.மீ., கட 5 செ.மீ. இன்னொன்று பமர, திருப்பி வரைந்தது. அதில் செங்கோணம் ர-வில். மர 6 செ.மீ., பர 8 செ.மீ., பம 10 செ.மீ.

பலரும் △கசட ~ △பமர என்று எழுதுவார்கள் (~ என்றால் 'வடிவொத்தது'). இந்த வரியில் சம கோணமுள்ள முனைகள் இரு பெயர்களிலும் ஒரே இடத்தில் வரவேண்டும். அப்படி எழுதினால் ச-வும் ம-வும் சம கோணங்கள் என்று ஆகிவிடும். ச 90°, ம 90° இல்லை. இந்த வரியை நம்பி விகிதம் எடுத்தால் 3/10, 4/6, 5/8 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும்.

சரி, எப்படி எழுதுவது? ச-வுக்கு நேராக ர. க என்பது 3-ம் 5-ம் சேரும் முனை. அந்தப் பக்கம் 6-ம் 10-ம் சேர்வது ம-வில். மிச்சம் ட-வுக்கு ப. ஆக △கசட ~ △மரப. இப்போது 3/6, 4/8, 5/10, மூன்றுமே 1/2.

இந்த வரிசைத் தவறுக்குப் பாதி மதிப்பெண் குறைத்தால் சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். நான் குறைக்கத்தான் செய்கிறேன். பத்தாம் வகுப்பில் தெரியாத பக்கத்தின் நீளம் கேட்கும்போது, விகிதம் இந்த வரியிலிருந்துதான் பிறக்கும். குறிப்பாக இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே கோடுகள் வெட்டிக்கொள்ளும் படங்களில் ஒன்றுவிட்ட கோணங்கள் (வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில், இணைகோடுகளுக்கு உள்ளே அமைபவை) சமமாவதால் வரிசை தலைகீழாகிவிடும். கண்ணால் பார்த்து எழுதினால் அங்கே கட்டாயம் சறுக்கும்.

தவறு வெளியே தெரியாமல் போகும் இடமும் உண்டு. சமபக்க முக்கோணங்களில் எந்த வரிசையில் எழுதினாலும் பொருந்திவிடும். அவற்றையே போட்டுப் பழகாமல், திருப்பியும் கவிழ்த்தும் வரைந்த படங்களைக் கொடுங்கள்.

வீட்டில் நோட்டைப் பார்க்கும்போது படத்தைக் கையால் மறைத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மூன்று விகிதங்களையும் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் கையை எடுத்து, நீளங்களைப் போட்டு இருவருமாகச் சரிபாருங்கள்.